சனிக்கிழமைக்குச் சட்டைப்பையில் ஒரு சீட்டுக்கட்டு

கண்ணு,

நல்லா இருக்கிறாயா என்று கேட்டுத்தான் கடிதம் ஆரம்பிக்க வேண்டும் என்பார்கள். கேட்டால் நீ "ம்" என்பாய். அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று உன் அம்மாவும் நானும் இரண்டு வருசமாகப் பஞ்சாங்கம் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதனால் கேட்கவில்லை. நேராக விசயத்துக்கு வருகிறேன். வருகிற சனிக்கிழமை நீ மறுபடியும் கோர்ட்டுக்குப் போகிறாய், உன் பிள்ளை யாழினியைப் பார்க்க. போகும்போது இதோடு கொடுத்தனுப்பியிருக்கிற சீட்டுக்கட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போ. அப்புறம், வக்கீல் டைப் அடித்து வைத்திருக்கிறாரே ஒரு மனு, அதில் சனிக்கிழமை முடிகிற வரைக்கும் கையெழுத்துப் போடாதே. நான் கேட்பது இந்த இரண்டுதான். இனி எழுதுவதெல்லாம் இந்த இரண்டுக்கும் விளக்கம்.

இதைப் போனில் சொல்லலாமே என்பாய். போனில் என் வாய் சும்மா இருக்காது. நீ ஒன்று சொல்ல, நான் ஒரு நக்கல் அடிக்க, நீ "செரிங்ப்பா, வெக்கறேன்" என்று வைத்துவிடுவாய். எழுதும்போது நக்கல் வந்தால் அடித்துவிட்டு மேலே போகலாம். நிறைய இடத்தில் அடித்திருக்கிறேன், பார்த்தாலே தெரியும். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுதுவது என்பது எனக்கு லோடு வண்டியைச் சந்துக்குள் ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி. இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்துத்தான் வரும். இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் கோர்ட் வராண்டாவில் உன்னைப் போலவே சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, கையில் சாக்லேட் கவரோடு, உள்ளே போய் என்ன பேசுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிற அப்பன்களைப் பார்த்தேன். அவர்கள் கையில் கொடுத்தாலும் கொடு, படிக்கட்டும் என்றுதான் கவரை ஒட்டாமல் அனுப்புகிறேன். பேர்களை மட்டும் மாற்றிவிட்டேன். உன் பிள்ளையை நீ எந்தப் பேரிலும் கண்டுபிடித்துவிடுவாய்.

போன தடவை உன்னோடு நானும் வந்தேன். பெற்றவர்கள் மட்டும்தான் உள்ளே போகலாம் என்று சொல்லிவிட்டார்கள், தாத்தனுக்கு வராண்டாதான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சுவரில் யானை, மயில், ஒரு காது உரிந்துபோன முயல். பிள்ளைகள் உட்காருகிற குட்டி நாற்காலியில் நீ உட்கார்ந்திருந்தாய், முழங்கால் இரண்டும் காதைத் தொடுகிற மாதிரி. வேறு நேரமாக இருந்தால் அதை வைத்தே ஒரு வாரம் உன்னை ஓட்டியிருப்பேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஸ்கூல் எப்பிடிப் போகுது பாப்பா?"

"நல்லாப் போகுதுங்க."

"மிஸ் நல்லாச் சொல்லித் தாராங்களா?"

"தாராங்க."

"காலைல என்ன சாப்ட்டே?"

"இட்லிங்க."

அவ்வளவுதான். அப்புறம் இரண்டு பேரும் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நீ கொண்டுபோன பொம்மையை அவள் பிரிக்கவே இல்லை. பெட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு, யாரோ தூரத்துச் சொந்தம், ஒறம்பரை வீட்டில் கொடுத்த பலகாரத் தட்டைப் பிடித்திருக்கிற மாதிரி பிடித்திருந்தாள். நம்ம பக்கத்தில் மரியாதைக்குப் பஞ்சமில்லை. பிறந்த குழந்தையைக்கூட "வாங்க சாமி" என்றுதான் கூப்பிடுவோம். ஆனால் உன் மடியில் ஏறி மீசையைப் பிடித்து இழுத்து "போப்பா, வாப்பா" என்று ஆட்டம் போட்ட பிள்ளை, ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு "ங்க" போட்டால் அது மரியாதையில்லை கண்ணு. அது தூரம். எனக்கு ஜன்னல் கம்பி கையில் சுட்டது.

நேரம் முடிந்து நீ வெளியே வந்ததும் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "அவதான் சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வாராப்பா, என்கிட்டப் பேசக்கூடாதுன்னு" என்பது. அந்த வேகத்திலேயே வக்கீலைப் பார்க்கப் போனாய். அன்றைக்கே பொழுதோட, விளக்கு வைக்கிற நேரத்தில், போனில் அந்த மனுவை எனக்குப் படித்தும் காட்டினாய். தாயானவர் திட்டமிட்டுக் குழந்தையைத் தகப்பனிடம் பேசவிடாமல் பழக்குகிறார், ஆகவே குழந்தையைத் தகப்பன் பொறுப்பில் விட வேண்டும் என்று போட்டிருந்தது. அடுத்த சனிக்கிழமை கழிந்து வருகிற திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார் என்றாய். நான் "ம்" என்றேன். உன்னிடமிருந்து கற்றுக்கொண்டதுதான். உனக்கும் ரம்யாவுக்கும் நடுவில் யார் மேல் தப்பு என்று நான் இதில் ஒரு வரியும் எழுதப் போவதில்லை. அது உங்கள் இரண்டு பேருடைய கணக்கு. ஆனால் அந்த மனுவில் இருக்கிற ஒரு விசயம் உண்மையில்லை. அது உண்மையில்லை என்று எனக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்லாமல் இந்த வாரம் முழுக்கத் தொண்டையில் வைத்துக்கொண்டு சுற்றினேன். சொல்கிறேன். அதற்கு முன்னால் சீட்டை எடு.

நடு மேசையில் எதையும் பரப்பாதே. வித்தை காட்டப் போகிறேன் என்றும் சொல்லாதே. சும்மா கட்டை எடுத்து, கை போன போக்கில் கலைத்துக்கொண்டிரு, ஒன்றும் பேசாமல். அவள் பார்ப்பாள். பார்க்காத மாதிரி பார்ப்பாள். அந்த நேரத்தில் கட்டைச் சீராகத் தட்டுகிற சாக்கில் அடியில் இருக்கிற சீட்டு எதுவென்று ஒரு கண் பார்த்துவிடு. அதுதான் அடிச்சீட்டு. வித்தை முழுக்க அதில்தான் இருக்கிறது. அப்புறம் சீட்டுகளை விசிறி மாதிரி விரித்து, முகம் கீழே இருக்கிறபடி, அவள் முன்னால் நீட்டு. ஒன்றை உருவச் சொல். அவள் அதை நெஞ்சோடு வைத்து மறைத்துக்கொண்டு பார்ப்பாள். நம் வீட்டில் என் மடியில் உட்கார்ந்து பார்க்கும்போது அப்படித்தான் செய்வாள், பனியனுக்குள்ளேயே விட்டுவிடுவாள். பார்த்துவிட்டுக் கட்டின் மேலே வைக்கச் சொல். பிறகு அவளையே கட்டை வெட்டச் சொல்: மேல் பாதியை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, மீதியை அதற்கு மேல் தூக்கி வைக்க வேண்டும், அவ்வளவுதான். குட்டிக் கை, சிந்தும். சிந்தினால் நீ பதறாதே. இப்போது அடியில் இருந்த சீட்டு அவள் சீட்டின் தலைமேல் போய் உட்கார்ந்திருக்கும். மேலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டே வா. நீ பார்த்து வைத்த அடிச்சீட்டு வந்ததும், அதற்கு அடுத்து வருகிறது பார், அதுதான் யாழினியின் சீட்டு.

உனக்கு இது தெரியும். தெரியாதா பின்னே! காங்கேயத்தில் கொப்பரைக் களத்தில் லோடு ஏற்றக் காத்திருக்கும்போது, ஒரு பாலக்காட்டுக்கார டிரைவர் எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார். ஸ்கூல் லீவில் நீ என்னோடு வண்டியில் வருவாயே, அப்போது ஒரு நாள் லோடு ஏற்றுகிறவர்களுக்கு இதைக் காட்டினேன். திடீர் மழை, கொப்பரை மேலெல்லாம் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு எல்லோரும் ஷெட்டுக்குள் ஒதுங்கி நின்றிருந்தோம். ஒருத்தர் சீட்டை எடுத்துவிட்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், நான் கண்ணை மூடி மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், நீ கொப்பரை மூட்டை மேலிருந்து கத்தினாய், "அப்பா அடிச்சீட்டைப் பாத்துட்டாரு! அதுக்கு அடுத்த சீட்டுத்தான்!" அந்த மனுசன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏனுங் வித்தைக்காரரே, உங்க பையன் உங்க கடையச் சாத்தீட்டானுங்களே!"

"என்ர கடை போனாப் போகுதுங்க, அவன் பெரிய கடை வெப்பானுங்க" என்றேன்.

அந்த அளவுக்கு எனக்குப் பெருமை. திரும்பி வருகிற வழியெல்லாம் உனக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்துக்கொண்டே வந்தேன். அந்தக் கண்தான் உன்னைப் படிக்க வைத்தது. பம்ப் கம்பெனியில் உன்னை உட்கார வைத்திருப்பதும் அந்தக் கண்தான். எங்கே கசிகிறது என்று பார்த்தவுடனே சொல்லிவிடுவாய் என்று உன் மேனேஜரே கல்யாணத்தில் என்னிடம் சொன்னார். ஆனால் கண்ணு, வீட்டில் எல்லாவற்றையும் கசிவாகப் பார்க்க முடியாது. பிள்ளை பேசவில்லை என்றதும் நீ எங்கே கசிகிறது என்றுதான் தேடினாய். யார் ஓட்டை போட்டது என்று தேடி, ஒரு ஆளைக் கண்டுபிடித்துவிட்டாய். நீயும் அந்தப் பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து, கேள்வி பதில் தவிரச் சேர்ந்து செய்ய ஒரு வேலையும் இல்லாமல் தவித்தீர்களே, அது உன் கண்ணில் படவில்லை.

சீட்டு எதற்கு என்றால் அதற்குத்தான். கையில் ஒரு வேலை இருந்தால் வாய்க்குப் பயம் போகும். உன் அம்மா கேட்டாள், "கோர்ட்டுக்குள்ள சீட்டு ஆடறதுக்குப் பிள்ளையைத் தூண்டி விடறீங்களா? அப்பனையும் மகனையும் ஒரே செல்லுல போடட்டும், சோறு கொண்டுவர எனக்கு ஒரே அலைச்சலாப் போகும்" என்று. அவள் சொன்னதிலும் ஞாயம் இருக்கிறதே என்று பட்டது. ஆனால் அதற்கு முன்பே, அன்றைக்குக் கோர்ட்டிலிருந்து திரும்பும்போதே, கேட்டில் பையைச் சோதிக்கிற போலீஸ் அம்மணியிடம் கேட்டு வைத்திருந்தேன்.

"ஏனுங் அம்மணி, உள்ள சீட்டுக்கட்டுக் கொண்டு போலாமுங்களா?"

"எதுக்குங்க, தீர்ப்பு வர்ற வரைக்கும் ரம்மி போடறதுக்கா?"

"என்ர பேத்திக்கு வித்தை காட்டறதுக்குங்க."

அந்த அம்மணி என்னை மேலும் கீழும் பார்த்தது. அதுவும் இரண்டு பிள்ளைக்குத் தாயாக இருக்கும். "காசு வெச்சு ஆடாம இருந்தாச் செரி. எனக்கும் ஒண்ணக் காட்டீட்டுப் போகச் சொல்லுங்க" என்றது. அதனால் சனிக்கிழமை முதல் வித்தையைக் கேட்டிலேயே அந்த அம்மணிக்குக் காட்டிவிட்டுப் போ. உனக்கும் ஒரு ஒத்திகை ஆன மாதிரி இருக்கும்.

இப்போது இரண்டாவது. முதல் வித்தை வந்துவிட்டால் இதுவும் வந்த மாதிரிதான், ஆனால் இதைச் செய்வதற்கு நெஞ்சு வேண்டும். ஒவ்வொரு சீட்டாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு வரும்போது, அடிச்சீட்டு வரும், அதற்கு அடுத்து அவள் சீட்டும் வரும். நீ நிற்காதே. தெரியாத மாதிரி தாண்டிப் போ. இன்னும் சில சீட்டுகளைத் திருப்பு. அவள் முகத்தைப் பார். முதலில் கண் விரியும், அப்புறம் உதட்டை மடிப்பாள், அப்புறம் அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியாது, ஏனென்றால் அவளுடைய சீட்டு மேசைமேல் கிடக்கிறது, இந்த அப்பா அது தெரியாமல் பெரிய இவனாட்டம் திருப்பிக்கொண்டே இருக்கிறார். அப்போது கையை நிறுத்தி, ரொம்ப யோசித்து, "அடுத்து நான் திருப்பறது உன்ர சீட்டுத்தான் பாப்பா" என்று சொல். அவள் "இல்லவே இல்ல!" என்பாள். அந்த "இல்லவே இல்ல"யில் "ங்க" இருக்காது, நான் எழுதித் தருகிறேன். அப்புறம் நீ கட்டிலிருந்து எடுக்காமல், மேசைமேல் கிடக்கிற அவள் சீட்டை எடுத்துக் கவிழ்த்துத் திருப்பி வை. "அடுத்து திருப்புவது" என்றுதானே சொன்னாய்!

இதில் கஷ்டம் கைக்கு இல்லை. தோற்றுக்கொண்டிருக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வதுதான் கஷ்டம். அவள் உன்னைப் பார்த்துச் சிரிக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தை நீ அவசரப்பட்டு முடித்துவிடக் கூடாது. உனக்குச் சின்னதிலிருந்தே தோற்கப் பிடிக்காது. கேரம் போர்டில் நான் ஜெயித்தால் சிவப்புக் காயை ஒளித்து வைத்தவன் நீ. இந்தக் கேசிலும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய்விட்டு வந்து "இன்னைக்கு நம்ம பக்கம் நல்லாப் போச்சுங்ப்பா" என்கிறாய். நல்லது. ஆனால் அந்த முயல் ஒட்டின அறைக்குள் ஜெயிக்கிறவன் வெறும் கையோடுதான் வெளியே வருவான். அங்கே பிள்ளை உன்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், நீ அதை வாங்கிக்கொள்ள வேண்டும்.

சிவப்பு ஒரு பக்கம், கறுப்பு ஒரு பக்கம் என்று முன்கூட்டியே பிரித்து வைத்துச் செய்கிற வித்தை ஒன்று உண்டு. ஒரு பக்கத்திலிருந்து சீட்டை எடுக்கச் சொல்லி, இன்னொரு பக்கத்தில் செருகச் சொல்வது. விரித்துப் பார்த்தால் அந்த ஒரு சீட்டு மட்டும் தனியாகத் தெரியும். ரொம்பச் சுலபம். அதை மட்டும் செய்யாதே. கறுப்புகளுக்கு நடுவில் ஒற்றையாக நிற்கிற அந்தச் சிவப்பை அவள் முன்னால் நீ தூக்கிக் காட்டுவதை நினைத்தாலே எனக்குச் சரியாகப் படவில்லை. அவ்வளவுதான், மேலே கேட்காதே.

இப்போது ரம்யாவிடம் வருகிறேன். முகத்தைச் சுளிக்காமல் படி.

உங்கள் நிச்சயத்துக்குத் தாராபுரத்துக்குப் போனோமே, சாப்பாட்டுக்கு முன்னால் ரம்யாவின் பெரியப்பா, மாமன்கள் எல்லாம் மண்டபத்தில் ஜமுக்காளத்தை விரித்துச் சீட்டைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நீ ஐயர் பக்கத்தில் மாட்டிக்கொண்டு நின்றாய். எனக்கு வாய் சும்மா இருக்குமா? சம்பந்தி வீட்டாரிடம் வித்தை காட்டுகிறேன் என்று உட்கார்ந்தேன். "வர்ற மருமகளையே எடுக்கச் சொல்லுங்க" என்றார்கள். ரம்யாவைக் கூப்பிட்டார்கள். பட்டுச் சேலையோடு வந்து மண்டியிட்டு ஒரு சீட்டை எடுத்தாள், பார்த்தாள், மேலே வைத்தாள். வெட்டினாள். எல்லாம் சரி. அப்போது பெரியப்பாக்காரர் கையை நீட்டினார்.

"குடுங்க சம்பந்தி, நானும் ஒரு கை கலைச்சுத் தாரேன்."

வித்தை தெரிந்தவன் யாரும் அந்த நேரத்தில் கட்டைக் கையை விட்டுத் தர மாட்டான். ஆனால் புதுச் சம்பந்தி கையை நீட்டுகிறார். நம்ம ஊரில் வேண்டாம் என்று சொல்ல வாய் வருமா? "ஆகட்டுமுங்க, உங்க கையாலயே கலைங்க" என்று கொடுத்துவிட்டேன். அவர் சாதாரணமாகக் கலைக்கவில்லை, மாவு பிசைகிற மாதிரி கலைத்தார். அடிச்சீட்டு எங்கே, அவள் சீட்டு எங்கே, சாமிக்குத்தான் தெரியும். எல்லோரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். வியர்த்துப்போய், கைக்கு வந்த ஒன்றை உருவி, "இந்தா அம்மணி, உன்ர சீட்டு" என்று தூக்கிக் காட்டினேன். கிளாவர் ஏழு.

ரம்யா அந்தச் சீட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அதேதானுங் மாமா!" என்று கையைத் தட்டினாள். ஜமுக்காளம் முழுக்க ஒரே கைதட்டல். பெரியப்பா எழுந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அப்புறம் பந்தியில் எனக்குப் பாயசம் ஊற்ற வந்தவள், குனிந்து, யாருக்கும் கேட்காத மாதிரி சொன்னாள், "என்னோடது ஆர்ட்டின் ராணிங் மாமா. வெளிய சொல்லீராதீங்க." எனக்குப் பாயசம் புரையேறிவிட்டது. வெளியே யாருக்கும் சொல்லவில்லை, உனக்கும் சொல்லவில்லை. உன் கல்யாணம் முடிந்து இத்தனை வருசம் கழித்து இன்றைக்குத்தான் சொல்கிறேன். அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கு நான் யார்? இன்னும் தாலிகூட ஏறவில்லை. ஊர் முன்னால் ஒரு மனுசன் கூனிப்போய் நிற்கக் கூடாது என்று நினைத்தாள், அவ்வளவுதான்.

இரண்டாவதும் ஒன்று இருக்கிறது. அது போன சனிக்கிழமை நடந்தது. நீ உள்ளே போனதும் ரம்யா வராண்டா பெஞ்சில் அந்தக் கோடியில் உட்கார்ந்தாள், நான் இந்தக் கோடியில். நடுவில் யாழினியின் தண்ணீர் பாட்டில். எதிர்க்கட்சியைப் பார்க்கக் கூடாது என்று நான் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, சாப்ட்டீங்களா?"

"ஆச்சு அம்மணி. நீ?"

"ஆச்சுங்க. அத்தைக்கு முட்டி வலி எப்பிடீங்க இருக்குது?"

"அவளுக்கு முட்டி வலிச்சா எனக்குத்தான் சிரமம். உக்காந்த எடத்துலருந்தே வேலை சொல்றா."

சிரித்தாள். சிரித்த உடனே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இரண்டு பேரும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்; உள்ளே இட்லிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"ஒண்ணு சொன்னாத் தப்பா எடுத்துக்க மாட்டீங்களே மாமா?"

"சொல்லு அம்மணி."

"பாப்பா ஊட்ல தாத்தா சீட்டு, தாத்தா சீட்டுன்னு கேட்டுட்டே இருக்கறா. ஒரு கட்டு வாங்கிக் குடுத்தேன். எனக்கு அது செய்ய வரலீங்க. அவருக்கு அந்த வித்தைல ஒண்ணாச்சும் சொல்லிக் குடுத்து அனுப்புங்க. ரெண்டு பேரும் இன்டர்வியூக்கு வந்த மாதிரி உக்காந்திருக்கறாங்க. பாக்க முடீலீங்க."

"அவனுக்கா தெரியாது? சின்னதுலயே கண்டுபிடிச்சவனாச்சே."

"கண்டுபிடிக்கத் தெரியுமுங்க மாமா. செய்யத் தெரியாது."

நீ வெளியே வருகிற சத்தம் கேட்டதும் அவள் எழுந்து, "நான் சொன்னேன்னு சொல்லீராதீங்க" என்று சொல்லிவிட்டுப் பாட்டிலை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். இந்தப் பக்கம் நீ வந்து, அவதான் பேசக்கூடாதுன்னு சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வாரா என்றாய்.

ஆக, அந்தப் பெண் என்னிடம் இரண்டு தடவை வெளியே சொல்லாதீர்கள் என்று கேட்டிருக்கிறாள். முதல் வாக்கை இத்தனை வருசம் காப்பாற்றினேன். இன்றைக்கு ஒரே கடிதத்தில் இரண்டையும் உடைக்கிறேன். அவளிடம் நான் பிற்பாடு மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன், அது என் பாடு. ஆனால் நீ ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு, பிள்ளையைப் பேசவிடாமல் பழக்குகிறாள் என்று அவள் தலைமேல் ஏற்றிவிட்டால், அதைப் படிக்கப் போகிறவர்களுக்குப் பெஞ்சில் நடந்தது தெரியாது. பிள்ளையை இதற்காக நீதிபதி முன்னால் நிறுத்திக் கேட்பார்கள், உன் அம்மா என்ன சொல்லி அனுப்பினாள் என்று. யாழினி அங்கேயும் "ங்க" போட்டுத்தான் பதில் சொல்லுவாள். அப்புறம் ஆயுசுக்கும் உன்னிடம் அந்த "ங்க"தான். கேசில் நீ ரம்யாவோடு என்ன வேண்டுமானாலும் போராடு. நகை, வீடு, எதுவோ. நான் குறுக்கே வர மாட்டேன். இந்த ஒரு பொய்யை மட்டும் தெரிந்தே எழுதாதே. நேற்று வரைக்கும் உனக்குத் தெரியாது. இப்போது தெரியும்.

இன்னும் ஒன்றே ஒன்று. வித்தை தெரிந்தவர்கள் ரகசியத்தைச் சொல்லக் கூடாது என்பார்கள். அந்தப் பாலக்காட்டுக்காரரும் என்னிடம் சத்தியம் வாங்காத குறைதான். நீ சொல்லிவிடு. அடுத்த தடவையோ, அதற்கு அடுத்த தடவையோ, அவள் "எப்பிடி?" என்று கேட்டதும், சும்மா இரண்டு தடவை பிகு பண்ணிவிட்டு, காதோடு சொல்லிவிடு. காதோடு சொல்ல வேண்டும் என்றால் அவள் பக்கத்தில் வந்துதானே ஆக வேண்டும். அப்புறம் கட்டை அவள் கையில் கொடுத்து, நீ சீட்டை எடு. அவள் அடிச்சீட்டை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பார்ப்பாள். நீ கூரையைப் பார். கொப்பரை மூட்டை மேலிருந்து கத்தின வாயை அன்றைக்கு மட்டும் மூடிக்கொண்டிரு.

கொடுத்தனுப்பியிருப்பது புதுக் கட்டு இல்லை, கண்ணு. தாராபுரத்து ஜமுக்காளத்தில் கிடந்த கட்டுதான். அன்றைக்குச் சம்பந்தியிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன், வண்டியிலேயே கிடந்தது. இதில் கிளாவர் ஏழுக்கு மட்டும் மூலை கொஞ்சம் மடங்கியிருக்கும், அது என் வேலை. எந்த வித்தைக்கும் நான் அதைத்தான் அடிச்சீட்டாக வைப்பது. அது எனக்கு மறக்காது. நீயும் கலைத்து முடிக்கும்போது அதையே அடியில் வை.

அவ்வளவு சொல்லிக் கொடுத்தும் சனிக்கிழமை உனக்கு வித்தை தப்பிப்போகலாம். முதல் தடவை எல்லோருக்கும் தப்பும். அவள் வெட்டும்போது கட்டு சிந்திக் கலைந்துபோகும், நீ பதறுவாய், ஏதோ ஒரு சீட்டைத் தூக்கிக் காட்டுவாய். அது அவளுடையது இல்லை என்று அவள் முகத்திலேயே தெரியும். அப்போது அவள் அந்தச் சீட்டைப் பார்த்து, உன்னைப் பார்த்து, கொஞ்சம் யோசித்து, "இதேதான்ப்பா!" என்று கையைத் தட்டினாலும் தட்டுவாள். தட்டினால், உன் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடாதே. வாங்கிக்கொண்டு வெளியே வா. பெஞ்சில் அந்தக் கோடியில் உட்கார்ந்திருப்பவளிடம், பாப்பா இன்றைக்கு என்ன செய்தாள் என்று மட்டும் சொல். மனு திங்கட்கிழமையும் வக்கீல் மேசையில்தான் கிடக்கும். அப்புறம் உனக்குக் கை வந்தால் போடு.

உன் அப்பன்